2,86,400 கிமீ ஓடிய பிக்கப்பை எடுத்தது, 1,38,200 ஓடியதை விட்டது: சோதனைக் குறிப்புகள்

பழைய பிக்கப் பார்க்கப் போனால் எல்லோரும் முதலில் எட்டிப் பார்ப்பது மீட்டரைத்தான். இங்கே பார்த்தவை இரண்டு மகிந்திரா பொலேரோ பிக்கப். இரண்டும் பிஎஸ்-4 (முந்தைய புகை விதி), 2523 சிசி காமன் ரெயில் டர்போ டீசல். ஒன்று 2019 மாடல், மீட்டர் 1,38,200, கேட்ட விலை 5,10,000. இன்னொன்று 2018 மாடல், மீட்டர் 2,86,400, கேட்ட விலை 4,35,000. தேவை, திண்டுக்கல்லைச் சுற்றி மாட்டுத் தீவனம் ஏற்ற ஒரு வண்டி. லோடு ஒரு டன்னிலிருந்து ஒன்றேகால் டன். கடைசியில் எடுத்தது இரண்டாவது வண்டியை, 3,45,000க்கு. வேலை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நேரில் போகும் முன்

நம்பரை எம்-பரிவாகன் என்ற அரசு ஆப்பில் போட்டால் எஃப்சி (தகுதிச் சான்று) தேதி, இன்சூரன்ஸ் தேதி, ஃபைனான்ஸ் பெயர், எத்தனையாவது ஓனர் எல்லாம் வந்துவிடும். ஃபைனான்ஸ் பெயர் இன்னும் நிற்கிறதென்றால், "கடன் எப்பவோ முடிஞ்சிருச்சு" என்ற வாய் வார்த்தை போதாது. ஃபைனான்ஸ்காரர் கொடுத்த என்ஓசியும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-ம் கையில் இருக்க வேண்டும். ஆர்டிஓவில் ஹெச்பி (ஆர்சியிலுள்ள கடன் பதிவு) நீக்கப்படும் வரை வண்டி முழுதாக விற்பவருடையது இல்லை. ஆர்சியில் மொத்த எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. தாண்டினால் அந்தச் செலவு தனி.

எட்டு வருடம் வரை எஃப்சி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம். 2018 வண்டி எடுப்பவர் வருடாந்திர எஃப்சியையும் கணக்கில் வைத்தே விலை பேச வேண்டும்.

மீட்டரைச் சரிபார்க்க நல்ல வழி ஃபாஸ்டேக் கணக்கு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து எந்த டோலை எந்தத் தேதியில் தாண்டியது என்பது ஆப்பிலேயே கிடக்கிறது. ஓனரிடம் கேட்டால் அவருடைய போனிலேயே காட்டுவார். 2018 வண்டியின் கணக்கில் வாரந்தோறும் கேரளத்திலுள்ள பன்னியங்கரா, பாலியேக்கரா டோல்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, பொள்ளாச்சி, பாலக்காடு, திருச்சூர் வழியாகக் கொச்சி போய் வந்த வண்டி. போகவர 500 கிமீயைத் தாண்டும் ஓட்டம். பாலக்காட்டுக் கணவாய் வழியென்பதால் மலையேற்றம் கிடையாது, வழியிலுள்ள குதிரான் மலையிலும் சுரங்கப்பாதை வந்துவிட்டது. ஐந்தாவது கியரில் ஒரே சீராகப் போகிற ஓட்டம் இன்ஜினுக்கும் கிளட்சுக்கும் நல்லது. டோல் தேதிகளைக் கூட்டிப் பார்த்தால் மீட்டரோடு ஒத்துப்போனது.

2019 வண்டியின் கணக்கில் டோலே கிட்டத்தட்ட இல்லை. மீட்டர் பொய் சொல்லவில்லை. சர்வீஸ் பில்களும் அதையே காட்டின. முழுக்க உள்ளூர் ஓட்டம், அவ்வளவுதான். என்ன லோடு என்று கேட்டதற்கு "வீட்டுச் சாமான், கடைச் சரக்கு" என்று பதில்.

கொண்டுபோன சாமான்

டார்ச், சின்னச் சுத்தியல், கம்பி பிரஷ், 5 மீட்டர் டேப், கொத்தனார் தூக்குக்குண்டு, துணி சுற்றிய காந்தம், மல்டிமீட்டர், இன்ஜின் கணினியைப் படிக்கும் இஎல்எம்-327 ஸ்கேனர், நான்கு சின்ன பாட்டில், ஏழெட்டு அடி மெல்லிய டீசல் டியூப், ஒரு பெரிய அட்டை. ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், மற்றவை பெரும்பாலும் வீட்டில் இருப்பவை. வெளுத்த நிற அட்டையை இன்ஜினுக்கு அடியில் விரித்துப் போட்டுவிட்டால், எது எங்கே ஒழுகுகிறது என்று வேலை முடிவதற்குள் தெரிந்துவிடும்.

காலை 6 மணிக்குப் போவதாகவும், வண்டியை அதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். போனதும் பானட்டைத் திறந்து இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்றைக்கு இன்ஜினைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது. இன்னொரு காலை வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

2019 வண்டி: சேஸிஸில் முடிந்த கதை

இன்ஜின் அருமை. பாதிச் சுற்றில் பிடித்தது, புகை இல்லை, ஆயில் மூடியைத் திறந்தால் ஆவி இல்லை. கேபினில் சீட் உறைகூடக் கிழியவில்லை. இங்கேயே விலை பேச உட்கார்ந்துவிடுகிறவர்கள் அதிகம்.

அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வந்தது. லோடு பாடியின் தரைத் தகட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையிலுள்ள மூலைகளில் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான மணல், கூர்மையான மணிகளாக இறுகிக் கிடந்தது. எம்-சாண்ட். ஒரு யூனிட் (100 கன அடி) எம்-சாண்ட் நாலரை டன்னுக்குக் குறையாது. அரை யூனிட் போட்டாலே 2.25 டன், நனைந்திருந்தால் இன்னும் கூடுதல். இந்த வண்டியின் அனுமதி 1.7 டன்னுக்குள். அரை யூனிட்டுக்குக் குறைவாக யாரும் மணல் கேட்பதில்லை.

அடுத்து பட்டை, அதாவது பாரத்தைத் தாங்க அடுக்கடுக்காகக் கட்டிய ஸ்பிரிங் தகடுகள். பின்பக்கக் கட்டில் மேலிருந்து இரண்டு பட்டைகள் மற்றவற்றைவிடப் புதிதாக, பெயிண்ட் வேறு கருப்பாக இருந்தன. கூடுதலாகச் சொருகியவை. பட்டைக் கட்டை அச்சோடு பிடிக்கும் யு போல்ட்டில் நட்டுக்கு வெளியே இரண்டு மரைதான் மிச்சம். கம்பெனிக் கட்டில் இதைவிட நிறைய நீண்டிருக்கும். பட்டை சேர்த்தால் வண்டி உட்காராது, ஆனால் அந்தப் பாரம் எங்கும் போய்விடுவதில்லை. சேஸிஸும், பின் அச்சின் கூடான ஹவுசிங்கும்தான் வாங்கிக்கொள்கின்றன.

சேஸிஸில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பின்பட்டையின் முன்முனை பிராக்கெட். அடுத்தது கேபினுக்குப் பின்னால் லோடு பாடி தொடங்கும் இடம். இடது பக்க பிராக்கெட்டுக்கு அருகில் சுமார் ஒரு ஜாண் நீளத்துக்கு மட்டும் கருப்புப் பெயிண்ட் பளபளத்தது. சுற்றிலும் வருடக்கணக்கான மண்ணும் கிரீஸும். ஓனரைக் கேட்டுவிட்டுக் கம்பி பிரஷால் தேய்த்ததும் பெயிண்டுக்கு அடியில் வெல்டிங் வரி தெரிந்தது, கிரைண்டரால் தேய்த்து மட்டமாக்கியது. அதன் கீழ் முனையிலிருந்து 2 செமீ தள்ளி, முடி கனத்தில் ஒரு கோடு. அதன் ஓரமாகத் துரு கசிந்து வழிந்திருந்தது. சுத்தியலால் தட்டினால் வலது பக்கம் கணீரென்றது, இடது பக்கம் அடைத்த சத்தம்.

வெல்டிங் வைத்த இடம் அப்படியே பிடித்து நிற்கும். சூடு வாங்கிய பக்கத்து இரும்புதான் குணம் மாறி, அடுத்த விரிசலுக்கு இடம் கொடுக்கும். அதனால்தான் புதுக்கோடு பழைய வெல்டிங்கின் மேல் வராமல் பக்கத்தில் வந்திருக்கிறது. அதன் மேல் பிளேட் வைத்து அடித்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி விரியும்.

உறுதிசெய்துகொள்ள இரண்டு அளவு எடுத்தோம். மட்டமான தரையில், முன் இடது பிராக்கெட்டிலிருந்து பின் வலதுக்கும், முன் வலதிலிருந்து பின் இடதுக்கும் குறுக்காக டேப் பிடித்தால் 24 மிமீ வித்தியாசம். ஐந்தாறு மிமீ டேப் பிடிக்கும் கையிலேயே வரும், 24 வராது. பிறகு லோடு பாடியிலிருந்து பின்சக்கரத்துக்கு நேரே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலிலிருந்து ரிம்மின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் தூரம் பார்த்தால், மேல் ஓரம் 6 மிமீ உள்ளே சாய்ந்திருந்தது. ஹவுசிங் வளைந்திருக்கிறது. டயரின் உள்பக்கம் மொட்டையாகி வெளிப்பக்கம் பட்டனோடு (தேயாத வரிப்பள்ளங்களோடு) இருந்ததற்கும் காரணம் அதுதான்.

சேஸிஸ் மாற்றுவது வெறும் பட்டறை வேலை இல்லை. சேஸிஸ் நம்பர் அதில்தான் இருக்கிறது, ஆர்டிஓ அனுமதியோடு போக வேண்டிய விஷயம். விலை பாதியானாலும் எடுக்கக் கூடாத வண்டி இது. அத்தோடு விட்டாயிற்று.

2018 வண்டி: அடியிலிருந்து மேலே

இந்த முறை வரிசையை மாற்றி, பானட்டைத் திறக்காமல் நேராக அடியில் போனோம். சேஸிஸில் சீரான துரு, சீரான அழுக்கு, எங்கும் புதுப்பெயிண்ட் இல்லை. குறுக்களவு வித்தியாசம் 4 மிமீ. தூக்குக்குண்டில் 1 மிமீ. பட்டை கம்பெனிக் கட்டுதான், வலது பக்கம் மூன்றாவது பட்டை உடைந்திருந்தது, பட்டை முனையைத் தாங்கும் ஷேக்கிள் புஷ் தேய்ந்து போயிருந்தது. காய்கறியிலும் ஓவர்லோடு போடுவார்கள், முட்டைக்கோஸும் வெங்காயமும் லேசானவை இல்லை. ஆனால் பாரம் அளவோடுதான் ஏறியிருக்கிறது என்பதற்குச் சேஸிஸே சாட்சி. சேஸிஸ் நம்பரைத் துடைத்து, மேலே தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஆர்சியோடு ஒப்பிட்டாயிற்று. எழுத்துகளைச் சுற்றி கிரைண்டர் தடம் இருக்கிறதா என்பதையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

கேபின் மூலைகளில் காந்தம் ஓட்டினால் இடது கதவின் கீழ் மட்டும் பிடிக்கவில்லை, பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) வைத்திருக்கிறார்கள். சாதாரண உரசல்தான். கேபின் தூணில் பட்டி இருந்திருந்தால் யோசித்திருக்க வேண்டும்.

இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரி 12.3 வோல்ட். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.2க்கு இறங்கியது, 9.6க்குக் கீழே போனால் பேட்டரி முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓடத் தொடங்கியதும் 14.1, ஆல்டர்நேட்டர் நன்றாக இருக்கிறது. வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து நின்றது. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. முடுக்கும்போது கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம் போகிறது. டீசல் வண்டியில் ஆயில் கருப்பாக இருப்பதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம், மாற்றி ஆயிரம் கிமீக்குள்ளேயே கருத்துவிடும். மூடியின் அடியில் மோர் மாதிரி வெளுத்த கசடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்ணீர் கலக்கிறது.

பிளோ-பை சோதனை (பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே கசிகிறதா என்று பார்ப்பது): இன்ஜின் சூடானதும் ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக ஓட்டையின் மேல் வைக்க வேண்டும். லேசாக ஆடலாம், தூக்கி எறியக் கூடாது. ஆயில் ஸ்டிக்கை உருவினால் அந்தக் குழாயிலிருந்து விட்டுவிட்டுப் புகை தள்ளக் கூடாது. இந்த வண்டியில் மூடி அசைந்ததோடு சரி. தள்ளியிருந்தால் பிஸ்டன், லைனர் வேலை. காமன் ரெயில் இன்ஜினில் அது 80,000க்குக் குறையாது, அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

ஸ்கேனரில் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம்) ஐடிலில் 300 பாரைச் சுற்றி நின்றது, ஆனால் 20, 25 பார் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. பழுதுக் குறியீடு எதுவும் இல்லை. ஓட்டிப் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் (மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் வழி) கழற்றி, ஒவ்வொன்றுக்கும் டியூப் மாட்டி நான்கு பாட்டிலில் விட்டு, மெயின் ரிட்டர்ன் வழியை அடைத்து, இரண்டு நிமிடம் ஐடிலில் ஓட்டினோம். முதல், இரண்டாவது, நான்காவது பாட்டில்களில் 18, 20, 19 மில்லி. மூன்றாவதில் 41. அந்த இன்ஜெக்டரின் உள் வால்வு தேய்ந்து, நாசிலுக்குப் போக வேண்டிய பிரஷர் ரிட்டர்னில் வழிகிறது. இன்னும் ஒரு வருடம் போனால் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும், அப்போது பேட்டரியையும் ஸ்டார்ட்டரையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். வளையும் குழாய்தானே என்று இழுத்துவிடாதீர்கள், ரிட்டர்ன் முனையின் கிளிப் பிளாஸ்டிக், பழையது உடைந்துவிடும். டீசல் கண்ணில் படாமலும், ஹை பிரஷர் குழாய்களைத் தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். 300 பார் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றினால் லேசான ஆயில் பூச்சு. அது சகஜம், தேங்கி நின்றால்தான் தவறு. தண்டைப் பிடித்து முன்பின் இழுத்தால் அசைவு இல்லை. பக்கவாட்டில் மயிரிழை அளவு இருக்கலாம்.

லோடு ஏற்றி ஓட்டியது

காலி பிக்கப்பை ஓட்டிப் பார்ப்பதில் கிளட்சைப் பற்றியும் கூலிங்கைப் பற்றியும் எதுவும் தெரியாது. 50 கிலோ தீவன மூட்டை 20, சரியாக ஒரு டன், ஏற்றிக்கொண்டு சிறுமலை ரோட்டுக்குப் போனோம். அங்கே 18 கொண்டை ஊசி வளைவுகள். முதல் நாலைந்தே போதும்.

ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழுதாக மிதித்தால் இன்ஜின் சுற்று ஏறியது, வேகம் ஏறவில்லை, கருகல் வாசம் வந்தது. கிளட்ச் பிளேட் முடிந்தது. எதிர்பார்த்ததுதான். வேகத்தை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் கீழே டக்கென்று ஒரு சத்தம். பின்சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் என்று நினைத்து ஜாக்கி போட்டு, ஜாயிண்டைப் பிடித்துத் திருப்பினால் ஆட்டம் சொற்பம். சத்தம் அதனாலில்லை. ஷாஃப்டை நடுவில் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது சென்டர் பேரிங்கின் ரப்பர் கிழிந்து முழுதாகத் தொங்கியது. நீளமான இரட்டை ஷாஃப்ட் வண்டியில் கிராஸைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். இறக்கத்தில் இரண்டாவது, மூன்றாவது கியரில் காலை எடுத்தபோது கியர் தானாகக் கழன்று வரவில்லை, டிஃப்ரன்ஷியலில் ஊளைச் சத்தம் இல்லை.

கூலன்ட் வெப்பம் வழக்கமான 88, 90ஐத் தாண்டி ஏற்றத்தில் 102 வரை போனது. சமதளத்துக்கு வந்ததும் மெதுவாக இறங்கியது. ஹெட் கேஸ்கெட்டாக இருக்குமோ என்று, வண்டி முழுதாக ஆறிய பிறகு கூலன்ட் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து பார்த்ததில் குமிழ் இல்லை, மூடியைப் போட்ட பிறகு மேல் ஹோஸும் உடனே இறுகவில்லை. ஹெட் தப்பித்தது. தெர்மோஸ்டாட் என்று குறித்துக்கொண்டோம்.

கணக்கு

கிளட்ச் செட்டும் கூலியும் 11,500. ஒரு இன்ஜெக்டர் ரீகண்டிஷன், மற்ற மூன்றையும் பெஞ்சில் வைத்துப் பார்ப்பது சேர்த்து 8,500. சென்டர் பேரிங், இரண்டு கிராஸ் 4,200. பின்டயர் இரண்டு 15,000. பட்டன் இருந்தாலும் பக்கத்திலிருக்கும் நாலு இலக்கத் தேதி ஆறு வருடத்தைத் தாண்டிவிட்டது, சுவரில் வெடிப்பு. பட்டை, புஷ், ஷேக்கிள் 5,800. எல்லா ஆயில், ஃபில்டர், கூலன்ட் 9,000. பேட்டரி 6,500. பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், பேட் 7,500. எஃப்சிக்கு டிங்கரிங், பெயிண்ட், ரிஃப்ளெக்டர் டேப், லைட் 14,000. கூட்டினால் 82,000.

இதே மாடல், நல்ல கண்டிஷனில், இந்த வட்டாரத்தில் 4,70,000 போகிறது. அதில் 82,000 கழித்து, திறந்த பிறகு தெரியப்போவதற்கென்று 40,000 கழித்தால் 3,48,000. அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்று முடிவு செய்துகொண்டு பேசியது. நான்கு பாட்டில்களையும் ஓனர் முன்னாலேயே வரிசையாக வைத்திருந்ததால் வாக்குவாதத்துக்கே இடமில்லாமல் போயிற்று. 3,45,000. கேரளாவில் விழுந்திருந்த இரண்டு இ-சலான்களை அவரே கட்டினார். டோல் வழியில் அடிக்கடி வெளிமாநிலம் போன வண்டியென்றால் இ-சலான் தளத்தில் நம்பரைப் போட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 16,000க்கு மேல், அது இந்தக் கணக்கில் சேரவில்லை.

படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி, டெலிவரி நோட்டில் தேதியோடு நேரத்தையும் எழுதி இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கே ஆர்டிஓ வேலையைத் தொடங்குவது விற்பவருக்கும் நல்லது. பெயர் மாறாத வரை விபத்து இழப்பீடு ஆர்சியில் பெயர் இருப்பவர் மீதுதான் விழும் என்பது 2018இல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

திறந்த பிறகு

கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கியதும் இன்புட் ஷாஃப்ட் பேரிங் கரகரத்தது, 2,900. ஃப்ளைவீலில் நீலத் தழும்புகள். லேத்தில் முகம் எடுத்தது, பின் ஆயில் சீல் மாற்றியது சேர்த்து 1,500. கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே அந்த சீலை மாற்றிவிட வேண்டும், அதற்காக மறுபடி இறக்கினால் கூலி இரட்டிப்பு.

தெர்மோஸ்டாட் மாற்றியது 750. லோடோடு அதே ஏற்றத்தில் மறுபடி 101. டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றியபோதுதான் அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பூச்சி, சருகு, மண் எல்லாம் சேர்ந்து கம்பளி போல் ஒட்டியிருந்தது தெரிந்தது. முன்னாலிருந்து பார்த்தால் இன்டர்கூலர் சுத்தமாக இருக்கும், அதன் பின்னால் கண்ணுக்கே தெரியாது. ரேடியேட்டரை இறக்கி உள்ளும் புறமும் சுத்தம் செய்து, பிரஷர் பார்த்து மாட்டியது 3,200. அதன்பின் அதே லோடில் 93ஐத் தாண்டவில்லை. அடுத்த வண்டி பார்க்கும்போது லேசர் வெப்பமானி ஒன்று கொண்டுபோக வேண்டும். சூடான ரேடியேட்டரின் முகத்தில் ஆங்காங்கே வைத்துப் பார்த்தால் அடைத்த இடம் குளிர்ந்து காட்டிக்கொடுக்கும். தெர்மோஸ்டாட் காசு மிச்சம், விலையிலும் 3,000 குறைத்துப் பேசலாம்.

ஆக 82,000 என்று போட்டது 90,350இல் நின்றது. ஒதுக்கிய 40,000இல் 31,650 மிச்சம். அதை முன்டயர்களுக்கு வைத்திருக்கிறது.

ரீகண்டிஷன் இன்ஜெக்டர் மாட்டும்போது செம்பு வாஷர் புதிது போட வேண்டும். இன்ஜெக்டரின் தலையில் குறியீட்டு எண் இருந்தால் அதை ஸ்கேனரில் இசியுவுக்கு (இன்ஜின் கணினி) ஏற்றாமல் விடக் கூடாது; விட்டால் ஐடிலில் நடுங்கும், பழி பம்ப் மேல் விழும். மாட்டிய பிறகு பாட்டில் சோதனையைத் திரும்பச் செய்ததில் 18, 20, 17, 19. பட்டை வேலை செய்த வண்டியென்பதால் 500 கிமீ ஓடியதும் யு போல்ட்டுகளை, லோடு ஏற்றிய நிலையிலேயே, மறுபடி முறுக்கியாயிற்று; நான்கில் இரண்டு போல்ட் மட்டும் ஆளுக்குக் கால் சுற்று வாங்கின. முதல் 5,000 கிமீயில் டாப்-அப் செய்த இன்ஜின் ஆயில் 400 மில்லி. ஒரு டன் லோடோடு லிட்டருக்கு 12.5 கிமீ கொடுக்கிறது.